வெளிநாட்டு ஹவுஸ் சிட்டிங்: சாவி வாங்கும் முன் விசா – முழுமையான வழிகாட்டி

வீட்டுக்காரர் மூன்று வாரம் வெளியூர் போகிறார். பூனைக்கு இரண்டு வேளை தீனி வைக்க வேண்டும், செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், வாசலில் சேரும் தபாலை எடுத்து வைக்க வேண்டும். அதற்காக நீங்கள் அந்த வீட்டில் போய்த் தங்குகிறீர்கள். அவர் உங்களுக்குப் பணம் தருவதில்லை, நீங்கள் அவருக்கு வாடகை தருவதில்லை. ஹவுஸ் சிட்டிங் என்பது இவ்வளவுதான். தமிழில் இதற்குச் சரியான சொல் இன்னும் அமையவில்லை. ‘வீட்டுக்காவல்’ என்றால் பொருளே வேறாகிவிடும். அதனால் ஹவுஸ் சிட்டிங், சிட்டர் என்றே இங்கே எழுதுகிறேன்.

இதைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதியை எழுதியவர்கள் பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள். பல நாடுகளுக்கு அவர்கள் விசா எடுக்காமலே விமானம் ஏறலாம். “சுற்றுலா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுங்கள்” என்று அவர்கள் எழுதுவதை இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் நாம் பின்பற்றினால் பெரிய சிக்கலில் மாட்டிக்கொள்வோம். ஏனென்றால், நாம் எங்கே தங்கப்போகிறோம், யார் வீட்டில், எதற்காக என்பதையெல்லாம் பல வாரங்களுக்கு முன்பே படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். அந்தப் படிவம் பல ஆண்டுகள் அவர்களுடைய கணினியில் இருக்கும்.

எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். முதல் முறை ஐரோப்பிய நாடு ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது, வீட்டுக்கார அம்மா மனதார எழுதிக் கொடுத்த கடிதத்தை அப்படியே இணைத்துவிட்டேன். “எங்கள் நாயைப் பார்த்துக்கொள்வதற்குப் பதிலாக எங்கள் வீட்டில் இலவசமாகத் தங்குவார்” என்று அதில் ஒரு வரி இருந்தது. இரண்டு வாரம் கழித்து பாஸ்போர்ட் திரும்பி வந்தது. உள்ளே மடித்து வைத்த ஒரு தாள். பயணத்தின் நோக்கமும் தங்கும் சூழலும் பற்றிக் கொடுத்த தகவல் நம்பத்தக்கதாக இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தார்கள். விமான டிக்கெட் பணம் போனது. அதைவிட, அந்த அம்மா கடைசி நேரத்தில் வேறு ஆள் தேடி அலைந்ததுதான் என்னை அதிகம் உறுத்தியது. ‘பதிலாக’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் இந்த விவகாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது.

படி 1: அந்த நாட்டுச் சட்டம் எதை ‘வேலை’ என்கிறது என்று பாருங்கள்

‘நான் பணம் வாங்கவில்லையே, அப்புறம் எப்படி அது வேலையாகும்?’ எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நம்முடைய நியாயப்படி சரியான கேள்விதான். ஆனால் சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. விளம்பரத்தில் இருக்கும் நாயின் படத்தைப் பார்த்து மனதைப் பறிகொடுப்பதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

நியூசிலாந்தில் ஐயத்துக்கே இடமில்லை. அந்நாட்டின் 2009ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், ஆதாயத்துக்காகவோ கைம்மாறுக்காகவோ செய்யும் எந்தச் செயலையும் வேலை என்கிறது. பணமதிப்பு போடக்கூடிய எந்தப் பயனும் கைம்மாறுதான் என்று சொல்லி, அதற்கு உதாரணமாக உணவையும் தங்குமிடத்தையும் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆக, கூரைக்காகப் பூனை பார்த்துக்கொள்வது அங்கே வேலை. வேலை செய்ய அனுமதியுள்ள விசா இல்லாமல் அங்கே ஹவுஸ் சிட்டிங் ஏற்காதீர்கள்.

ஆஸ்திரேலியா அளக்கும் கோல் வேறு. சுற்றுலாப் பயணிக்கான 600 வகை விசாவில் 8101 என்ற எண்ணுள்ள நிபந்தனை இருக்கும்; வேலை செய்யக்கூடாது என்பது அதன் பொருள். வேலை என்றால், ‘ஆஸ்திரேலியாவில் வழக்கமாக ஊதியம் கிடைக்கக்கூடிய செயல்’ என்று அவர்களுடைய விதி சொல்கிறது. உங்களுக்கு ஊதியம் கிடைத்ததா என்பது கேள்வியில்லை. அந்தச் செயலுக்கு அங்கே பொதுவாக ஊதியம் உண்டா என்பதுதான் கேள்வி. அதே சமயம், பயணத்தின் முக்கிய நோக்கம் சுற்றுலாவாக இருந்து, இடையில் செய்யும் தொண்டு உண்மையான தொண்டாகவும், உள்ளூர்க்காரர் ஒருவருடைய கூலி வேலையைப் பறிக்காததாகவும் இருந்தால் அதை ஏற்கலாம், அதற்காகச் சாப்பாடும் தங்க இடமும் பெறுவதும் தவறில்லை என்ற நடைமுறையும் அங்கே இருக்கிறது. பல சிட்டர்கள் இந்த இடைவெளியை நம்பித்தான் போகிறார்கள். சிட்னியிலோ மெல்போர்னிலோ நாயை நடைக்குக் கூட்டிப்போய்ச் சம்பாதிப்பவர்கள் இருக்கும்போது, இந்த இடைவெளி எவ்வளவு குறுகியது என்பதை நீங்களே எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் சுற்றுலாவுக்கான பி-2 விசாவில் வருபவர் வேலை செய்யக்கூடாது. ‘ஊதியம்’ என்றால் என்ன என்று முதலாளிகளுக்காக அந்நாட்டுக் குடியேற்றத் துறை வெளியிடும் கையேடு விளக்குகிறது: உழைப்புக்கு ஈடாகக் கொடுக்கப்படும் மதிப்புள்ள எந்தப் பொருளும் ஊதியமே, உணவும் உறைவிடமும் உட்பட. ஹவுஸ் சிட்டிங் என்ற பெயரைச் சொல்லி எந்த விதியும் அதைத் தடை செய்யவில்லை என்பது உண்மை. ஆனால் எல்லையில் நிற்கும் அதிகாரி இந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டால் நம்மால் வாதாட முடியாது. 2022இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வழியாகக் கனடாவுக்குப் பூனை பார்த்துக்கொள்ளப் போன ஆஸ்திரேலியப் பெண் ஒருவர் அங்கேயே நிறுத்தி விசாரிக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். அவர் தங்கவிருந்தது அமெரிக்காவிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கும் குடியேற்றச் சோதனையைக் கடந்தாக வேண்டும். இந்தியர்களுக்கு அதற்கே அமெரிக்க விசா தேவை. கனடா போகிறவர்கள் முடிந்தால் வேறு வழியாக டிக்கெட் எடுங்கள்.

கனடாவின் விதியில் வேலைக்கு இரண்டு முகங்கள்: சம்பளமோ கமிஷனோ கிடைக்கும் செயல், அல்லது கனடியர்களின் வேலைவாய்ப்போடு நேரடியாகப் போட்டியிடும் செயல். எவையெல்லாம் வேலை ஆகாது என்பதற்கு அவர்கள் கொடுக்கும் உதாரணங்கள் நமக்கு மிகவும் பழக்கமானவை: மகள் வீட்டுக்குப் போய்க் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாய், மருமகன் வீடு கட்டும்போது கைகொடுக்கும் மாமா. டொரொண்டோவுக்குப் பேறுகாலம் பார்க்கப் போகும் நம் அம்மாக்கள் இந்த வரியின் நிழலில்தான் போய் வருகிறார்கள். முன்பின் தெரியாதவரின் வீடு அந்த நிழலுக்குள் வராது. 2025 தொடக்கத்தில் வேல்ஸைச் சேர்ந்த ஓர் இளம்பெண், ஒரு குடும்பத்துக்கு வீட்டு வேலைகளில் உதவித் தங்கப் போவதாகச் சொன்னதால் கனடா எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டார். பிறகு அமெரிக்காவில் 19 நாள் தடுப்பு மையத்தில் இருந்தார். அது ஹவுஸ் சிட்டிங் அல்ல, ஆனால் பரிமாற்றத்தின் தன்மை ஒன்றேதான்.

பிரிட்டனின் பார்வையாளர் விதி வேலையைத் தடுக்கும்போது, பொருளோ சேவையோ வழங்குவதையும் சேர்த்தே தடுக்கிறது. தொண்டு செய்யலாம், ஆனால் பதிவுபெற்ற அறக்கட்டளைக்கு மட்டும், மொத்தம் 30 நாள் வரை. தனியார் வீட்டு லாப்ரடார் நாய் அறக்கட்டளைக் கணக்கில் வராது. இன்னொன்று: அடுத்தடுத்து வந்துபோய் அங்கேயே குடியிருப்பதுபோல் வாழக்கூடாது என்றும் அவர்களுடைய விதி சொல்கிறது. ஒரு சிட்டிங் முடிந்து அடுத்தது, அது முடிந்து இன்னொன்று என்று ஆறு மாதத்தையும் நிரப்புபவர்கள் சிக்குவது இந்த இடத்தில்தான்.

மெக்சிகோவைத் தனியாகச் சொல்ல வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியர்கள் தனி விசா இல்லாமல் அங்கே நுழையலாம். பார்வையாளருக்குக் கொடுக்கும் அனுமதியின் பெயரே ‘ஊதியம் பெறும் செயல்களுக்கு அனுமதியில்லாத பார்வையாளர்’ என்பதுதான்; அதிகபட்சம் 180 நாள்.

படி 2: வீட்டுக்காரர் உங்களுக்கு யார்?

சட்டத்தைப் படித்ததும் இந்தக் கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நியூஜெர்சியில் இருக்கும் தங்கை குடும்பத்தோடு ஒரு வாரம் பயணம் போகிறாள், நீங்கள் அவள் வீட்டில் இருந்து நாயைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால் அது உறவினரைப் பார்க்க வந்த பயணம். நாய் அதில் தற்செயல். இணையதளத்தில் உறுப்பினர் சந்தா கட்டி, விண்ணப்பித்து, வீடியோ அழைப்பில் தேர்வாகி, வேலைப் பட்டியலோடு ஒப்பந்தம் போட்டுப் போனால், நாய்தான் பயணத்தின் காரணம். இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கும் அதிகாரி யாரும் இல்லை. பார்க்கக் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

இதற்கு ஓர் எளிய உரைகல் உண்டு: அந்தச் சிட்டிங் ரத்தானாலும் நீங்கள் அந்த ஊருக்குப் போவீர்களா? கையில் பணமும், பார்க்க வேண்டிய இடங்களும், சந்திக்க வேண்டியவர்களும் இருந்து, ‘போவேன்’ என்று பதில் வந்தால் நீங்கள் சுற்றுலாப் பயணி. ‘தங்க இடம் இல்லாவிட்டால் எப்படிப் போக முடியும்?’ என்று தோன்றினால் அந்த இலவசக் கூரைதான் உங்கள் ஊதியம். அதிகாரியும் அதையேதான் கேட்பார்.

சிட்டிங்கோடு கைச்செலவுக்குப் பணமும் தருகிறோம் என்றால் பேச்சே இல்லை. அது வேலை.

படி 3: வேலை செய்ய அனுமதியுள்ள விசா உங்களுக்குக் கிடைக்குமா?

பலர் இந்தக் கதவைத் தட்டிப் பார்ப்பதே இல்லை. உங்களுக்கு வயது 18 முதல் 30க்குள் இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

ஆஸ்திரேலியாவின் 462 வகை ‘வேலையும் விடுமுறையும்’ விசா 2024 முதல் இந்தியர்களுக்கும் திறந்திருக்கிறது. ஆண்டுக்கு 1,000 இடம், குலுக்கல் முறை. முதலில் சிறு கட்டணம் கட்டிக் குலுக்கலில் பெயர் பதிய வேண்டும். பெயர் வந்தால்தான் விண்ணப்பமே போட முடியும். பிரிட்டனில் இந்திய இளம் தொழில்முறையாளர் திட்டம் இருக்கிறது: ஆண்டுக்கு 3,000 இடம், பட்டப்படிப்பு தேவை, கையிருப்பில் 2,530 பவுண்டு காட்ட வேண்டும், இரண்டு ஆண்டு இருக்கலாம். இதுவும் குலுக்கல்தான். இந்த விசாக்களில் ஹவுஸ் சிட்டிங் வேலையா இல்லையா என்ற சண்டைக்கே இடமில்லை. மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்கு ஆஸ்திரேலியா மட்டுமல்லாமல் நியூசிலாந்திலும் இதுபோன்ற திட்டம் உண்டு.

வயது தாண்டியவர்களுக்கு இந்த வழி அடைபட்டதுதான். உறவும் நட்பும் உள்ள வீடுகளோடு நின்றுகொள்வது நல்லது. அல்லது இந்தியாவுக்குள்ளேயே தொடங்கலாம். கொடைக்கானலில் ஒரு வீட்டையோ பெங்களூரில் இரண்டு பூனைகளையோ பார்த்துக்கொள்ள எந்த விசாவும் வேண்டாம்.

படி 4: விண்ணப்பத்தில் என்ன எழுதுவது

உண்மையை. முழுவதையும். ‘ஓட்டல் புக்கிங்கைக் காட்டிவிட்டு, விசா வந்ததும் ரத்து செய்துவிடுங்கள்’ என்று சொல்பவர்கள் நம்மூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் விளைவைச் சொல்வதில்லை. பொய்த்தகவல் கொடுத்ததாக முடிவானால் கனடா 5 ஆண்டு தடை விதிக்கும், பிரிட்டன் 10 ஆண்டு. அமெரிக்காவில் அது ஆயுளுக்கும் பின்தொடரும். ஒவ்வொரு முறையும் விலக்கு கேட்டு மனுப் போட வேண்டியிருக்கும். ஒரு பூனைக்காக இதைச் சுமக்க வேண்டாம்.

ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக உதவும் ஷெங்கன் விசாவை எடுத்துக்கொள்கிறேன், நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது அங்கேதான். கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் கொடுக்க வேண்டும். இவையெல்லாம் எங்கும் கிடைக்கும் தகவல். தங்குமிடச் சான்றில்தான் சிக்கல். பிரான்சில் ஒருவர் வீட்டில் தங்குவதென்றால், அந்த வீட்டுக்காரர் தம் ஊர் நகராட்சிக்குப் போய் 30 யூரோ முத்திரைக் கட்டணம் கட்டி, விருந்தினரை வரவேற்கும் சான்று ஒன்று வாங்கி அனுப்ப வேண்டும். ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், பெல்ஜியம் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் இப்படி ஒரு தாள். இந்தத் தாள்கள் எல்லாமே விருந்தாளி வரும்போது வீட்டுக்காரர் வீட்டில் இருப்பார் என்ற எண்ணத்தில் உருவானவை. ஹவுஸ் சிட்டிங்கில் நடப்பதோ தலைகீழ்: நீங்கள் நுழையும் நாளில் அவர் கிளம்பிவிடுகிறார். இதை மறைத்து அந்தச் சான்றை வாங்குவது அவரையும் மாட்டிவிடும். உங்களுக்காகக் கையெழுத்துப் போடுவது அவர்தான்.

இரண்டாவது முறை நான் செய்தது இது. பயணத்தை என் சொந்தச் செலவில் திட்டமிட்டேன். மொத்தம் 24 நாளில் 15 நாளுக்கு ஓட்டல் போட்டு அதற்கான பணத்தை வங்கிக் கணக்கில் காட்டினேன். மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு இணைத்தேன். மீதி 9 நாள், அதற்குள் நன்றாகப் பழகிவிட்ட அதே அம்மாவின் வீடு. முதல் நான்கு நாள் அவரோடு இருப்பேன், பிறகு அவர் மகளைப் பார்க்கப் போகும்போது நாய் என்னோடு இருக்கும், இதற்காக நான் எதுவும் பெறவில்லை, அந்த வீடு இல்லாவிட்டாலும் ஓட்டலில் தங்கும் வசதி எனக்கு உண்டு என்று முகப்புக் கடிதத்தில் நான்கு வரியில் எழுதினேன். விசா வந்தது. வந்தது என்பதற்காக எல்லாத் தூதரகமும் இதை ஏற்கும் என்று பொருளில்லை. உங்கள் நிலையை எழுதித் தூதரகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்கி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

படி 5: நாள் கணக்கு

ஷெங்கன் பகுதியில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் இருக்கக்கூடாது. இதை ‘மூன்று மாதம் உள்ளே, மூன்று மாதம் வெளியே’ என்று புரிந்துகொள்பவர்கள் தவறு செய்கிறார்கள். அங்கே நிற்கும் ஒவ்வொரு நாளும், அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாள் எண்ண வேண்டும்.

பல முறை நுழையும் விசா உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 10 முதல் ஏப்ரல் 18 வரை 40 நாள் இருந்தீர்கள். ஜூன் 1 முதல் ஜூலை 5 வரை 35 நாள். மொத்தம் 75. இப்போது ஆகஸ்ட் 20இல் ஒரு சிட்டிங் தொடங்குகிறது. அன்று நுழைந்தால் செப்டம்பர் 3இல் 90 முடிந்துவிடும், 15 நாள்தான். இரண்டே நாள் தள்ளி ஆகஸ்ட் 22இல் நுழைந்தால் அக்டோபர் 15 வரை, 55 நாள் இருக்கலாம். காரணம் இதுதான்: செப்டம்பர் 5இல் உங்கள் கணக்கு 90ஐத் தொடுகிறது, மறுநாளிலிருந்து மார்ச் 10, மார்ச் 11 என்று பழைய நாள்கள் ஒவ்வொன்றாக அந்த 180 நாளுக்கு வெளியே விழத் தொடங்குகின்றன. ஒன்று விழ, ஒன்று சேர. நம்பிக்கை வராவிட்டால் நாட்காட்டியை விரித்து விரலால் எண்ணிப் பாருங்கள். நான் பென்சிலால் வட்டம் போட்டுத்தான் எண்ணினேன். வந்த நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். விசா ஸ்டிக்கரில் இதைவிடக் குறைந்த நாள் எழுதியிருந்தால் அதுதான் எல்லை.

2025 அக்டோபர் 12இல் தொடங்கி, அங்கே முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் எடுத்து நுழைவு, வெளியேற்றத்தைக் கணினியில் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு நாள் மிஞ்சினாலும் கணினி காட்டிக்கொடுத்துவிடும்.

படி 6: எல்லையில்

கையில் அச்செடுத்த தாள்கள் இருக்கட்டும்: திரும்பும் டிக்கெட், காப்பீடு, பணச்சான்று, தங்கும் முகவரிகள், விண்ணப்பத்தோடு கொடுத்த முகப்புக் கடிதத்தின் நகல். கேட்ட கேள்விக்கு மட்டும், நேராகப் பதில் சொல்லுங்கள். ‘வீட்டுக்காரரை எப்படித் தெரியும்?’ என்பது கட்டாயம் வரும். அமெரிக்கா போன்ற நாடுகளில் உங்கள் போனை வாங்கிப் பார்க்கவும் அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. அதில் ‘காலை 7 மணிக்கு மாத்திரை, மாலை ஒரு மணி நேரம் நடை, வாரம் ஒரு முறை புல்வெட்டு’ என்ற செய்தி இருந்தால், வாயால் நீங்கள் சொல்லும் ‘சுற்றுலா’ என்ற சொல் எடுபடாது. செய்தியை அழித்துவிட்டுப் போகலாம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். அழிக்க வேண்டிய செய்தி இருக்கிறது என்றால் ஏற்கக் கூடாத சிட்டிங்கை ஏற்றிருக்கிறீர்கள்.

அமெரிக்காவில் மறுத்துவிட்டால், நுழைவு விண்ணப்பத்தைத் தாமே திரும்பப் பெற அனுமதி கேட்கலாம்; கொடுப்பதும் கொடுக்காததும் அதிகாரியின் கையில். அதற்கு மாறாக ‘உடனடி வெளியேற்றம்’ என்ற உத்தரவு போட்டால் 5 ஆண்டுத் தடை சேர்ந்தே வரும். எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் பார்த்துப் போடுங்கள். மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அசதியிலும் அவமானத்திலும் எதையாவது போட்டுவிட்டு வெளியே வந்தால் போதும் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றும்.

படி 7: உள்ளே போன பிறகு

அமெரிக்காவில் எதுவரை இருக்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 என்ற வருகைப் பதிவு. விசாவில் அச்சிட்ட தேதியோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வந்த அன்றே இணையத்தில் எடுத்துப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் ‘எங்கள் நாயையும் ஒரு வாரம் பார்த்துக்கொள்ளுங்கள், ஏதாவது தருகிறேன்’ என்று கேட்பார். அன்பாகத்தான் கேட்பார். மறுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, சிட்டிங்குக்குச் சம்மதிக்கும்போதே பேசி முடிக்க வேண்டியது. உங்களுக்கு அனுமதித்த கடைசி நாளும் வீட்டுக்காரர் திரும்பும் நாளும் ஒன்றாக இருக்கவே கூடாது. பனிப்புயலில் அவருடைய விமானம் ரத்தாகலாம், அவருக்கு உடம்புக்கு முடியாமல் போகலாம். அப்போது உங்கள் முன்னால் இரண்டே வழி: நாயைப் பட்டினி போட்டுவிட்டுக் கிளம்புவது, அல்லது அனுமதி மீறித் தங்குவது. இரண்டுமே முடியாத காரியம். குறைந்தது ஐந்து நாளாவது இடைவெளி வையுங்கள். அதோடு, அதே ஊரில் மாற்றுச் சாவி வைத்திருக்கும் ஒருவரின் பெயரையும் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். வந்த முதல் வாரத்திலேயே அவரை ஒரு முறை வீட்டுக்கு அழைத்து, நாய் அவர் கையால் சாப்பிடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.